கத்தரிப்பூ நிறச் சுருள்

மாடிப்படிக்கு அடியில் தலையைக் குனிந்து நுழைந்து, அங்கே இல்லாத மூட்டையைக் கண்டக்டர் தேடிக்கொண்டிருந்தார். இல்லை என்பது அவருக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவரே தூக்கிக் கொடுத்த மூட்டை அது. ஆனாலும் தேடுகிற சத்தம் முன்னறைக்குக் கேட்க வேண்டும். பழைய வாளியை நகர்த்தினார். குடைகளை எடுத்து வைத்தார். பிறகு வாளியைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

"கிடைச்சுதாப்பா?" என்று மகளின் குரல் கேட்டது. மனைவிக்குக் குரல் எழும்பாமல் போய் மூன்று நாளாகிறது. அவள் முணுமுணுப்பதைக் காதைக் கொண்டுபோய் வாங்கி, மகள்தான் சத்தமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டு இருக்கேன்."

"கத்தரிப்பூ கலராம். பட்டியா வெட்டிச் சுருட்டி வச்சிருக்காங்களாம். ரெண்டு சுருள் இருக்குமாம்."

"தெரியும், தெரியும்."

ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகியும் தெருவில் அவருக்குக் கண்டக்டர் என்றுதான் பெயர். முப்பத்தொரு வருடம் ஓடுகிற பேருந்தில் நின்றே காலத்தைத் தள்ளியவர். உட்காருவது அவர் உடம்புக்குப் படியவே இல்லை. சாப்பிடும்போது தட்டோடு எழுந்து வாசல்வரை போய் வருவார். செய்தித்தாளை ஜன்னல் கட்டையில் விரித்து நின்றபடி படிப்பார். நேற்று சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கோ நாளைக்கோதான். வலி தெரியாம பாத்துக்கலாம். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனதிலிருந்து அவர் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியிருந்தார். கதவுக் கீல்களுக்கு மூன்று தடவை எண்ணெய் விட்டிருந்தார். ஸ்டூல் போட்டு ஏறி மின்விசிறியைத் துடைக்க ஆரம்பித்தபோது, "அப்பா, தூசி அம்மா மேல விழுது" என்று மகள் சொன்ன பிறகுதான் இறங்கினார்.

அவர் மனைவி அதே முன்னறையில் முப்பத்து நாலு வருடம் தையல் வேலை பார்த்தவள். மூன்று பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை, வீடுகளுக்குத் திரைச்சீலை, தலையணை உறை, கிழிந்தது, பிரிந்தது எல்லாம். வெட்டியது போக மிஞ்சிய துணியில் ஒரு துண்டைக்கூட அவள் எறிந்ததில்லை. அதற்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால் அது 'கை', நிறம் பிரித்துத் தகர டப்பாக்களில் போகும். விரல் அகலத்துக்கு நீளமாக இருந்தால் 'சுருள்', சுருட்டிக் குண்டூசி குத்தி மூட்டையில் போகும். இரண்டுக்கும் ஆகாதது 'பொடி', தலையணைக்குள் திணிக்க. கையை வைத்துத்தான் ஒட்டுப் போர்வை தைப்பாள். சுருளை வைத்து அதற்கு விளிம்பு கட்டுவாள்.

போன வருடம் நோயின் பெயரைச் சொன்ன அன்றைக்கு, வீட்டுக்கு வந்ததும் அவள் அழவில்லை. டப்பாக்களையெல்லாம் இறக்கி வரிசையாக வைத்துப் பார்த்தாள். "நான் போறதுக்குள்ள இதைக் காலி பண்ணிடணும். எனக்கப்புறம் இதெல்லாம் உங்களுக்குக் குப்பைதான்" என்றாள். அவருக்கு அது குப்பைதான் என்பது உண்மை. அன்றிலிருந்து தைத்தாள். மகளுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று, மகளின் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று, ஊசி போட வருகிற நர்ஸுக்கு, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு, கடைசியில் வேண்டாம் வேண்டாம் என்ற டாக்டருக்கும். அவள் தைப்பது தெரிந்ததும் தெருவில் இருந்தவர்கள் தங்கள் வீட்டுக் கந்தல்களையும் பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். "ஒரு போர்வை முடிச்சா ரெண்டு மூட்டை முளைக்குது. நீ விதை போடறியா தையல் போடறியா?" என்று கண்டக்டர் கேட்பார். நாலு மாதத்துக்கு முன்னால் மிதிக்கக் காலில் பலம் இல்லாமல் போக, எட்டாவது போர்வை விளிம்பு கட்டாமல் இயந்திரத்தின் மேல் மடித்து வைத்தபடி நின்றுபோனது.

கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்த நாளில் நாலு மூட்டைகள் வழியில் இருந்தன. மாடிப்படிக்கு அடியில் வைக்கலாம் என்று இழுத்துக்கொண்டு போனார். அந்த நேரம் பார்த்துத் துணிக்கழிவு வாங்குகிற அம்மாளின் வண்டி தெருவில் போனது. மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு நாலையும் தூக்கி வண்டியில் போட்டுவிட்டு, "எடுத்துட்டுப் போம்மா" என்றார். அன்று வீட்டில் காற்று கொஞ்சம் தாராளமாக வருவதுபோல இருந்தது.

இன்று காலை கண்ணைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் பொருள் அந்த மூட்டைதான்.

படிக்கு அடியிலிருந்து வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். முன்னறைக்குப் போனார். "இங்க இல்ல. மாடி வீட்டுக்காரர்கிட்ட வைக்கச் சொல்லிக் குடுத்திருந்தேன். அவரு தன் கடையில வச்சிருக்காராம். ஒரு எட்டு போய் எடுத்துட்டு வந்துடறேன்."

மனைவி அவரைப் பார்த்தாள். கன்னம் உள்ளே போய், கண்கள் மட்டும் முன்பைவிடப் பெரிதாகியிருந்தன. உதடு அசைந்தது. மகள் குனிந்து கேட்டாள்.

"மெதுவா போய்ட்டு வரச் சொல்றாங்க."

மகள் வாசல்வரை பின்னாலேயே வந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லாத சுபாவம். "இப்போ போகணுமாப்பா? டாக்டர் சொன்னதை நீங்களும்தானே கேட்டீங்க."

"அவளே வாய்விட்டுக் கேட்டிருக்கா."

"ஏதோ நினைவுல கேக்கறாங்க. நீங்க பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்தா போதும்."

உட்கார்ந்தால் என்று சொன்னதும் அவர் கால் செருப்பைத் தேடிப் போய்விட்டது.

துணிக்கழிவுக் கிடங்கு இரண்டு நிறுத்தம் தள்ளி. நடந்தே போனார், நடை என்று சொல்ல முடியாத வேகத்தில். உள்ளே கூரை எட்டும்வரை மூட்டைகள். நடுவில் அந்த அம்மாள் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு சட்டையிலிருந்து பொத்தான்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி என் வீட்டுல நாலு மூட்டை எடுத்தியேம்மா."

"நாலு மூட்டையா? எது யார் வீட்டுதுன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்? எல்லாம் ஒரே கந்தல்."

"சுருட்டி வச்சது. பட்டி பட்டியா."

அவள் கத்தரியை நிறுத்தினாள். "குண்டூசி குத்தி வச்சிருந்ததா? அடடா, அதை மறக்க முடியுமா. ஊசியெல்லாம் எடுக்கவே எனக்கு ஒரு பொழுது போச்சு. கை துடைக்கறவங்களுக்குக் குத்திடுமில்ல. யாருண்ணே அப்படிச் சுத்தி வச்சது? பிரிக்கவே மனசு வரல."

"என் சம்சாரம்."

"எங்க கத்துக்கிட்டாங்க?"

"அது போச்சாம்மா, இருக்கா?"

"மூணு மூட்டை பட்டறைத் தெருவுக்குப் போச்சு. சுருள் மூட்டை பஸ் டிப்போவுக்கு. எண்ணெய் துடைக்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. முப்பத்தொரு வருடம் அவர் கையெழுத்துப் போட்ட டிப்போ அது.

பேருந்து பிடித்தார். உட்கார இடம் இருந்தும் முன்வாசல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் சில்லறை தேடி வாசலை அடைத்து நின்றபோது அவருக்கு வாய் துறுதுறுத்தது. 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று சொல்லிப் பழகிய வாய்.

பணிமனையில் நெட்டை மெக்கானிக் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து காலை மட்டும் நீட்டியிருந்தான். குரலைக் கேட்டதும் முழுசாக வெளியே வந்தான். "வாங்கண்ணே. வீட்டுல போரடிக்குதுன்னு திரும்ப டூட்டிக்கு வந்துட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னார். முழுசாகச் சொல்லவில்லை. "அவளுக்கு முடியல. அந்தச் சுருள் வேணுங்கறா" என்றார். மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

மூட்டை ஒரு இரும்பு டிரம்முக்குப் பின்னால் வாய் பிளந்து கிடந்தது. இருவரும் குனிந்து துழாவினார்கள். வெள்ளை, சாம்பல், நீலக் கட்டம், மஞ்சள். பாதிக்கு மேல் கறுத்துச் சுருண்டிருந்தன. கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றுகூட இல்லை.

"கத்தரிப்பூவா?" மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "நல்ல கெட்டித் துணி. நீளமா வேற இருந்துச்சு. அதைத் துடைக்கறதுக்கு எடுப்பாங்களாண்ணே? கட்டறதுக்குத்தான் எடுத்தேன். ஒண்ணு ரேடியேட்டர் பைப்புல கட்டினேன், அந்த வண்டி இப்போ வெளியூர்ல நிக்குது. இன்னொண்ணு இருபத்திரண்டாம் நம்பர் வண்டியில. பின்பக்க டூல் பெட்டிக் கதவு நிக்க மாட்டேங்குதுன்னு சுத்திக் கட்டி விட்டேன்."

"இருபத்திரண்டு எப்போ வரும்?"

"பதினொண்ணு நாப்பதுக்கு."

மணி பதினொன்று ஐந்து. கண்டக்டர் பணிமனையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். டயர் அடுக்கு, தண்ணீர்த் தொட்டி, அறிவிப்புப் பலகை, மறுபடி டயர் அடுக்கு. போன் அடித்தது.

"எங்கப்பா இருக்கீங்க? அம்மா கேக்கறாங்க."

"பக்கத்துலதான். பத்து நிமிஷம்."

"அந்தச் சுருள் இல்லாட்டி பரவால்லப்பா. வந்துடுங்க."

"பத்து நிமிஷம்மா."

போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு நின்றார். இப்போது கிளம்பினால் அரைமணியில் வீடு. வெறுங்கையோடு அந்த அறைக்குள் நுழைந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தார். அவள் மூச்சு மேலே போவதையும் கீழே வருவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேறொன்றும் இல்லை. மறுபடி டயர் அடுக்கை நோக்கி நடந்தார்.

இருபத்திரண்டு ஏழு நிமிடம் தாமதமாக வந்தது. ஆட்கள் இறங்குவதற்குள் அவர் வண்டியின் பின்பக்கம் போய்விட்டார். தூசியும் கரியும் படிந்த ஒரு பட்டி, கதவின் கொக்கியிலும் கம்பியிலும் எட்டுப் போட்டு இறுகியிருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே அந்த நிறம் இருந்தது. முடிச்சு கல்லாகக் கிடந்தது.

மெக்கானிக் கத்தியோடு வந்தான். "வெட்டிடலாம்ணே."

"வெட்டாத. நீளம் வேணும்."

"நேரம் ஆகும்."

"ஆகட்டும்."

ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையை முடிச்சுக்குள் விட்டு நெம்பினான் அவன். கண்டக்டர் மறுமுனையை இழுத்தார். டிரைவர் இறங்கி வந்து, "என்னண்ணே, என் வண்டிய அவுக்கறீங்க?" என்றார். முடிச்சைப் பார்த்துவிட்டு அவரும் குனிந்து கதவைப் பிடித்துக்கொண்டார். கடைசி முடிச்சு அவிழ்ந்தபோது பட்டி மொத்தமாகக் கண்டக்டரின் கையில் விழுந்தது. நாலு முழத்துக்கு மேலே இருக்கும். உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, வெளியே புறப்பட்டுக்கொண்டிருந்த வண்டியில் ஓடி ஏறினார்.

தெருமுனையிலேயே அந்தச் சத்தம் கேட்டது. அவருடைய வீட்டிலிருந்து தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம். நாலு மாதமாகக் கேட்காத சத்தம். கால் அப்படியே நின்றது. எழுந்துவிட்டாளா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம் நினைத்தார். பிறகு கவனித்தார். ஓட்டம் சீராக இல்லை. நாலு தையல் ஓடி நின்று, யோசித்து, மறுபடி ஓடியது.

மகள்தான் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். எட்டாவது போர்வை அவள் மடியிலும் தரையிலுமாக வழிந்து கிடந்தது. கட்டிலில் மனைவி தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்து, பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவில் கிடந்த துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டி இரண்டு பக்கம் விளிம்பு கட்டியாகிவிட்டது. மூன்றாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"இழுக்காத," என்றாள் மனைவி. அவருக்கே கேட்கிற அளவு குரல் இருந்தது. "துணி தானா போகும்."

"போகலையேம்மா."

"நீ விட்டாத்தானே போகும்."

கண்டக்டர் ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். உட்காரவில்லை. கையிலிருந்த பட்டியை நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தாள். பிறகு மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"எந்தக் கடையில வச்சிருந்தாராம் மாடி வீட்டுக்காரர்?"

அவர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டார்.

"டிப்போ வாசனை அடிக்குது. எத்தனை வருஷம் உங்க சட்டையைத் துவைச்சிருக்கேன்." மூச்சு வாங்கினாள். "குடுத்துட்டீங்கல்ல, நாலு மூட்டையும்?"

மகள் இயந்திரத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"நீ தூங்கறேன்னு நினைச்சேன்" என்றார் அவர்.

"மூட்டையைத் தரதரன்னு இழுத்தா பொணத்துக்குக்கூடக் கேக்கும்."

"அப்புறம் எதுக்குடி என்னை அனுப்பினே?"

"விடிஞ்சதுலேருந்து கட்டிலச் சுத்திச் சுத்தி வந்தீங்க. எனக்குத் தலை சுத்துச்சு." அவள் உதட்டோரம் கொஞ்சம் இழுத்தது. "வெளிய போனா உங்களுக்கும் மூச்சு வரும்னு பாத்தேன். நெஜமாவே கொண்டு வருவீங்கன்னு நினைக்கல."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறு எதுவாகவோ மாறுவதற்குள் அவள் மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மனைவி பட்டியை விடவில்லை. "நல்ல துணி. பள்ளிக்கூட மேடைத் திரைக்கு எடுத்தது. நாலாவது பக்கத்துக்கு இது போதும், ஒட்டே வேண்டாம்." அவர் ஸ்டூலில் குனிந்து உட்காரப் போனபோது அதை அவர் கையில் திருப்பி வைத்தாள். "கழுவிட்டு வாங்க. எண்ணெயோட தைச்சா போர்வை பூரா இறங்கிடும். கழுவிட்டு வந்து உக்காருங்க."

பின்கட்டுக் குழாயடியில் நின்று சோப்புப் போட்டார். முதல் தண்ணீர் கறுப்பாகப் போனது. இரண்டாவது தண்ணீர் சாம்பலாகப் போனது. துவைக்கிற கல்லில் வைத்துக் கும்மினார். உள்ளே இயந்திரம் ஓடுவது கேட்டுக்கொண்டிருந்தது. நாலு தையல், நிறுத்தம். ஆறு தையல், நிறுத்தம். மகளுக்குக் கை பழகிவிட்டது, இப்போது நீளமாக ஓடியது. பட்டியின் நிறம் மெல்ல மேலே வந்தது. ஒரு முனையில் முடிச்சு இருந்த இடத்தில் மட்டும் கறை போகவில்லை. அதற்குத் தனியாகச் சோப்புத் தேய்த்தார்.

இயந்திரம் நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இல்லையென்றால் கீழ் நூல் தீர்ந்திருக்கும். அதற்கு நூல் சுற்றத் தெரியுமோ என்னவோ மகளுக்கு. கறையை மறுபடி தேய்த்தார். அலசினார். யாரும் கூப்பிடவில்லை. பட்டியை முறுக்கிப் பிழிந்து, உதறி, இரண்டாக மடித்து மறுபடி பிழிந்தார். இயந்திரம் ஓடவில்லை. ஈரக் கையோடு உள்ளே போனார்.

மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு கை அம்மாவின் கழுத்தோரம் இருந்தது, வேலை செய்கிற இடத்தில் நாடி பார்ப்பதுபோல. அவள் திரும்பி, "அப்பா" என்றாள்.

"கறை முழுசா போகல," என்றார் கண்டக்டர். "ஓரத்துல கொஞ்சம் இருக்கு."

அதன் பிறகு வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். எதிர்வீட்டுப் பெண்கள் வந்து உடை மாற்ற வேண்டும் என்றார்கள். டாக்டர் வந்து தாளில் நேரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மகள் வாசலில் நின்று போனில் தன் கணவனிடம் பிள்ளைகளை அழைத்துவரச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் நாற்காலிகள் கேட்டு மூன்று வீடுகளுக்குப் போய் வந்தார். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். கொண்டுவந்த தண்ணீரை யாரும் குடிப்பதற்குள் செம்பை வாங்கிக்கொண்டு போனார். "உக்காருங்க கண்டக்டரே, நாங்க பாத்துக்கறோம்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஈரப் பட்டி இன்னும் அவர் தோளில் கிடந்தது. சட்டை அந்தப் பக்கம் முழுக்க நனைந்திருந்ததை யாரோ சொன்ன பிறகும் அவர் அதை எடுக்கவில்லை.

கட்டிலை அறையின் நடுவுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. அதற்குத் தையல் இயந்திரத்தைச் சுவரோரம் கொண்டுபோக வேண்டும். மாடி வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்தார், கண்டக்டர் மறுபக்கம். தூக்கியபோது போர்வையும் கூடவே தரையிலிருந்து எழும்பியது. மூன்றாவது பக்கத்தின் முடிவுக்கு ஒரு சாண் முன்னால் ஊசி துணிக்குள் இறங்கியபடி நின்றிருந்தது.

"இதை முதல்ல எடுத்துடுங்க. கிழிஞ்சிடப் போகுது" என்றார் மாடி வீட்டுக்காரர்.

இறக்கி வைத்தார்கள். கண்டக்டர் துணியை மெதுவாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை. முப்பத்து நாலு வருடமாக அவர் வீட்டில் இருந்த இயந்திரம். இந்தப் பக்கம் வந்து அவர் நின்றதில்லை. வாசல் பக்கம் திரும்பி, "இந்தச் சக்கரத்தை எந்தப் பக்கம்மா சுத்தணும்?" என்று கேட்டார்.

மகள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். "உங்க பக்கமா சுத்துங்கப்பா. ஊசி மேல வந்ததும் நிறுத்திடுங்க."

சக்கரத்தில் கையை வைத்துத் தன் பக்கமாகத் திருப்பினார். ஊசி மேலே வந்தது. கை நிற்கவில்லை. துணி ஒரு நெல்லளவு நகர்ந்தது, ஊசி மறுபடி உள்ளே இறங்கியது. ஒரு தையல் விழுந்திருந்தது. அவர் அதை உற்றுப் பார்த்தார். மகள் போட்டதைவிடக் கொஞ்சம் நீளமாக, ஆனால் கோணாமல் விழுந்திருந்தது.

மகள் வாசலிலிருந்து அதைப் பார்த்தாள். போனில் யாரோ ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தார்கள்.

கண்டக்டர் துணியின் ஓரத்தை இடது கையால் நேராக்கிக்கொண்டு, இன்னொரு சுற்றுச் சுற்றினார். தூக்குவதற்குக் குனிந்திருந்த மாடி வீட்டுக்காரர் நிமிர்ந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றார்.